ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள்: வாங்கும் செலவும் காப்பீட்டுப் பாதுகாப்பும்

அலைபேசியிலிருந்து இயக்கக்கூடிய சுவிட்ச், வாசலில் நிற்பவரைத் திரையில் காட்டும் காமிரா அழைப்புமணி, விரல்ரேகையாலோ ரகசிய எண்ணாலோ திறக்கும் பூட்டு, மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவி, இவற்றையெல்லாம் இணைக்கும் ரவுட்டர், இவற்றுக்கு மையமாக நின்று ஆணைகளைப் பகிர்ந்தளிக்கும் 'ஹப்' ஆகியவை சேர்ந்த அமைப்பே ஸ்மார்ட் வீடு எனப் பொதுவழக்கில் அழைக்கப்படுகிறது. இவ்வமைப்புக்காக வீட்டு உரிமையாளரின் பணம் நான்கு வழிகளில் செலவாகிறது: கருவியின் விலை, அதைப் பொருத்தும் கூலியும் வயரிங் மாற்றமும், ஆண்டுதோறும் கட்டும் சந்தா, கருவி பழுதானாலோ களவுபோனாலோ வேறொன்று வாங்கும் செலவு. காப்பீடு இவற்றுள் நான்காவதில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்கிறது. அந்தப் பகுதி எது என்பதைப் பாலிசி எடுக்கும்போதே அறிந்து, எஞ்சிய இழப்புகளை வீட்டின் மின்னமைப்பாலும் முறையான ஆவணங்களாலும் தடுத்துக்கொள்வதே சிக்கனமான வழி என்பதை, தமிழ்நாட்டில் சொந்த வீடு வைத்திருப்போரை மனத்தில் கொண்டு இந்த அத்தியாயம் விளக்குகிறது.

1. மொத்தச் செலவை மதிப்பிடுதல்

கடையிலோ இணையத்திலோ காணும் விலை, செலவின் தொடக்கம் மட்டுமே. ஸ்மார்ட் சுவிட்சுகளுள் பெரும்பாலானவை எப்போதும் மின்சாரம் பெற்றுக்கொண்டிருக்க வேண்டியவை என்பதால், அவற்றுக்கு ஃபேஸ் கம்பியுடன் நியூட்ரல் கம்பியும் சுவிட்ச் பெட்டிக்குள் வந்திருக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் நியூட்ரல் கம்பி விளக்குக்கும் மின்விசிறிக்கும் நேரே சென்றுவிடுவதால், சுவிட்ச் பெட்டியில் அது இருப்பதில்லை; அத்தகைய வீட்டில் புதிய கம்பி இழுக்கும் கூலி, சுவிட்சின் விலையை மிஞ்சவும் கூடும். ஆகவே எலக்ட்ரீஷியனை அழைத்து இரண்டு மூன்று சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து பார்த்த பிறகே எத்தனை கருவிகள் வாங்குவது என்று முடிவு செய்வது நல்லது.

அடுத்தது சந்தா. காமிரா பதிவுகளை நிறுவனத்தின் கணினிகளில் சேமித்து வைக்கும் 'கிளவுட்' சேவைக்கு மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ கட்டணம் உண்டு. கட்டணம் நின்றால் பதிவுகளும் நின்றுவிடும் காமிராக்கள் உண்டு, மெமரி கார்டில் தொடர்ந்து பதிவு செய்யும் காமிராக்களும் உண்டு. வங்கி அட்டையிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்களுக்கு, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த அறிவிப்பைத் தள்ளிவிடாமல் படித்து, பயன்படாத சந்தாவை அப்போதே நீக்கிவிட்டால், ஆண்டு முடிவில் தெரியவரும் வீண்செலவு குறையும்.

மூன்றாவதாகக் கருதத்தக்கது கருவியின் ஆயுள். அதன் இயந்திரப் பாகங்கள் நன்றாக இருந்தாலும், அதை இயக்கும் சேவையை நிறுவனம் நிறுத்திவிட்டால் கருவி பயனற்றுப் போகும். அமெரிக்காவில் ஏறத்தாழ 300 டாலருக்கு விற்கப்பட்ட ரிவால்வ் என்னும் ஹப், அதைத் தயாரித்த நிறுவனத்தை நெஸ்ட் என்னும் ஸ்மார்ட் கருவி நிறுவனம் வாங்கிய பின்னர், 2016 மே மாதம் சேவை நிறுத்தத்தால் முற்றிலும் செயலிழந்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றதால், அதை நம்பியிருந்த வீடுகளின் தொலைவழிக் கட்டுப்பாடு முடங்கியது. இத்தகைய இழப்பைத் தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்கான எந்த வீட்டுக் காப்பீடும் ஈடுசெய்வதில்லை, ஏனெனில் பொருளுக்குச் சேதம் எதுவும் நேரவில்லை. 2022 அக்டோபரில் வெளியான 'மேட்டர்' என்னும் பொதுத் தரத்தை ஏற்கும் கருவிகளையும், இணையம் இல்லாதபோதும் வீட்டுக்குள்ளேயே இயங்கும் கருவிகளையும் தேர்ந்தெடுப்பதே இதற்குரிய தற்காப்பு. காமிராக்களைப் பொறுத்தவரை, பாதுகாப்புச் சோதனையில் தேறிய சிசிடிவி கருவிகளையே விற்க வேண்டும் என்ற மத்திய அரசின் கட்டாயம் 2025 ஏப்ரல் 9 முதல் நடப்பில் உள்ளதால், விலை மலிவு என்பதற்காகப் பழைய இருப்பிலுள்ள மாடலை வாங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

2. பணம் செலுத்தும் வழிகள்

கையிலுள்ள பணத்தில் படிப்படியாக வாங்குவதே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது. ஸ்மார்ட் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கக்கூடியவை என்பதால், முதலாண்டில் நீர்க்கசிவு உணரியும் மோட்டார் கட்டுப்பாடும், மறு ஆண்டில் காமிராவும் பூட்டும் எனப் பிரித்து வாங்குவதில் இடையூறு எதுவும் இல்லை.

தவணையில் வாங்குவோர் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்னும் வட்டியில்லாத் தவணை விளம்பரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வட்டியே இல்லை என்று காட்டும் திட்டங்கள் வட்டியை வேறு பெயரில் மறைக்கின்றன என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. எடுத்துக்காட்டாக, 60,000 ரூபாய் விலை குறித்த ஒரு தொகுப்பை மாதம் 5,000 வீதம் 12 தவணையில் வாங்கலாம்; அதையே மொத்தமாகப் பணம் கட்டினால் 4,000 ரூபாய் தள்ளுபடி உண்டு என்று வைத்துக்கொள்வோம். தவணையில் வாங்குபவர் உண்மையில் 56,000 ரூபாயைக் கடனாகப் பெற்று 60,000 ரூபாயைத் திருப்பிச் செலுத்துகிறார்; இது ஆண்டுக்கு ஏறத்தாழ 13 சதவீத வட்டிக்குச் சமம். இதன்மேல் செயலாக்கக் கட்டணமும், கடன் அட்டைத் தவணையாயின் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். சில்லறைக் கடன் வாங்குவோருக்கு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைத் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் கடன் தரும் நிறுவனங்களின் கடமை. விற்பனையாளர் சொல்லும் தொகையைவிட அந்த அறிக்கையிலுள்ள விகிதத்தையே ஒப்பிட வேண்டும்.

வீட்டுக்கடனின்மேல் கூடுதலாகப் பெறும் 'டாப்-அப்' கடனில் வட்டி குறைவு என்பது உண்மையே. ஆயினும் 15 ஆண்டுகள் திருப்பிச் செலுத்தும் கடனில், ஐந்தாறு ஆண்டுகளில் பழையதாகிவிடும் கருவியை வாங்குபவர், அந்தக் கருவி வீட்டைவிட்டுப் போன பிறகும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். வயரிங், எர்த், சூரியமின் தகடு போன்ற நீண்டகால வேலைகளுக்கு அக்கடனைப் பயன்படுத்துவதும், கருவிகளைக் குறுகிய காலத்தில் அடைத்துவிடுவதும் பொருத்தமான பிரிவினை.

பொருத்தும் ஒப்பந்ததாரருக்கு முழுத் தொகையையும் முன்பணமாகத் தராமல், பொருள் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, பொருத்தி முடித்ததும் ஒரு பங்கு, எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களும் உரிமையாளர் பெயருக்கு மாற்றப்பட்டதும் இறுதிப் பங்கு எனத் தருவது பாதுகாப்பானது. உரிமையாளர் பெயரில், மாடலும் வரிசை எண்ணும் குறிப்பிட்ட ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டுப் பெற வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் வாரன்டி கோருவதற்கும் காப்பீட்டு இழப்பீடு கோருவதற்கும் முதல் ஆதாரம் அந்தப் பில்தான்.

3. வீட்டுக் காப்பீடு எதைத் தாங்குகிறது

வங்கியில் வீட்டுக்கடன் வாங்கியபோதே காப்பீடு எடுத்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். கடன் வாங்கியவர் இறந்தால் மீதக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாகவே அது பலருக்கு இருக்கும்; கட்டடத்துக்கான காப்பீடாக இருந்தாலும், வீட்டுக்குள் இருக்கும் பொருள்கள் அதில் சேர்க்கப்படாமல் இருக்கலாம். ஆகவே பாலிசிப் பத்திரத்தை எடுத்து, 'கட்டடம்', 'வீட்டுப் பொருள்கள்' என்ற இரு தலைப்புகளும் தனித்தனித் தொகையுடன் உள்ளனவா என்று பார்ப்பதே முதல் வேலை. அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கம் எடுக்கும் பாலிசியையும் இவ்வாறே பார்க்க வேண்டும். அது கட்டடத்தையும் பொதுப் பகுதிகளையும் மட்டும் காப்பதாக இருந்தால், ஃபிளாட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு உரிமையாளரே தனிப் பாலிசி எடுக்க வேண்டும்.

2021 ஏப்ரல் 1 முதல், காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வகுத்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான பாலிசி, தீக்காப்பீடு வழங்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஒரே வாசகத்தில் கிடைக்கிறது. தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிதல் முதலியவற்றால் நேரும் சேதம் இதில் அடங்கும். கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள், வீட்டுப் பொருள்களுக்குப் பட்டியல் எதுவும் தராமலே பாதுகாப்பு கிடைக்கிறது. அதற்கு மேல் வேண்டுவோர் விவரம் அளித்துத் தொகையை உயர்த்திக்கொள்ளலாம். காப்பீட்டுத் தொகை என்பது, இழப்பு நேர்ந்தால் நிறுவனம் தரக்கூடிய உச்ச அளவு. கட்டடத்துக்கு அது மீண்டும் கட்டுவதற்கான செலவைக் கொண்டு கணிக்கப்படுகிறது. நிலத்தின் விலை அதில் சேராது.

சதுர அடிக்கு 2,500 ரூபாய் கட்டுமானச் செலவில் 1,000 சதுர அடி வீட்டுக்குக் காப்பீட்டுத் தொகை 25 லட்சம் எனில், பொருள்களுக்குத் தானாகக் கிடைப்பது 5 லட்சம். குளிர்சாதனப்பெட்டி, தொலைக்காட்சி, கட்டில், பீரோ, துணிமணி ஆகியவற்றுக்கே நாலரை லட்சம் ஆகும் வீட்டில், ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ஸ்மார்ட் கருவிகளைச் சேர்த்தால் மொத்தம் 6 லட்சமாகிவிடும். கூடுதல் ஒரு லட்சத்தை அறிவித்துச் சிறிது பிரீமியம் சேர்த்துக் கட்டாவிட்டால், முழு இழப்பின்போது அந்தத் தொகை உரிமையாளரின் கையிலிருந்து போகும். இந்தப் பாலிசியில், குறைவாகக் காப்பீடு செய்ததற்காக இழப்பீட்டை விகிதப்படி வெட்டும் வழக்கம் இல்லை என்பது ஒரு நன்மை.

ஸ்மார்ட் கருவி கட்டடத்தைச் சேர்ந்ததா, பொருள்களைச் சேர்ந்ததா என்பதும் தெளிவாக வேண்டும். சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளும் நிலையாகப் பதிக்கப்பட்ட அமைப்புகளும் கட்டடத்தில் அடங்கும். சுவரில் மாட்டிய மின்சாதனங்கள் உட்பட மின்னணுப் பொருள்கள் வீட்டுப் பொருள்களில் அடங்கும். கதவிலேயே பதித்த பூட்டு, வெளிச்சுவர்க் காமிரா போன்றவை எந்தத் தலைப்பில் வரும் என்பதை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பாலிசியுடன் சேர்த்து வைத்துக்கொண்டால் பிற்பாடு வாதம் எழாது.

4. மின்பழுது என்னும் விலக்கு

ஸ்மார்ட் கருவி வைத்திருப்போர் அவசியம் படிக்க வேண்டியது, இதே பாலிசியின் விலக்குகள் பட்டியலிலுள்ள ஒரு வாசகம். மிகையான மின்னழுத்தம், ஷார்ட் சர்க்கியூட், தானாகச் சூடேறுதல், மின்கசிவு ஆகியவற்றால் ஒரு மின்சாதனத்துக்கு நேரும் சேதத்தைப் பாலிசி ஏற்பதில்லை. மின்னல் காரணமாக அப்படி நேர்ந்தாலும் இந்த விலக்கு பொருந்தும். விலக்கு அந்த ஒரு சாதனத்துக்கு மட்டுமே உரியது: ஹப் ஒன்று ஷார்ட்டாகித் தீப்பற்றி அலமாரியும் திரைச்சீலையும் எரிந்தால், அலமாரிக்கும் திரைச்சீலைக்கும் இழப்பீடு உண்டு, ஹப்புக்கு இல்லை. ஆனால் ஸ்மார்ட் கருவிகள் அழிவதற்கு வழக்கமான காரணமே இந்த மின்பழுதுதான்.

இதன் தீவிரம் தெருக்கம்பத்தில் 'நியூட்ரல் கட்' ஆகும்போது தெரியவரும். மூன்று ஃபேஸ் விநியோகத்தில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டும், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட்டும் உள்ளன. கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ நியூட்ரல் கம்பி அறுந்தால், வெவ்வேறு ஃபேஸ்களிலுள்ள வீடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைந்தது போலாகி, குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீட்டில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கும். இரவும் பகலும் மின்சாரத்தில் இருக்கும் ரவுட்டர், காமிரா அடாப்டர், சுவிட்ச் மாடியூல் ஆகியவை சில நொடிகளில் கருகிப்போகும். மின்னலால் கணநேரம் தோன்றும் எழுச்சியை 'சர்ஜ் அரெஸ்டர்' தாங்கும். நீடித்து நிற்கும் இந்த மிகை மின்னழுத்தத்தைத் தாங்குவது அதன் வேலை அல்ல. அதற்கு, குறித்த அளவைத் தாண்டியதும் வீட்டின் இணைப்பைத் துண்டிக்கும் மிகை மின்னழுத்தக் கட்-ஆஃப் கருவி வேண்டும். ஆகவே வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியான டிபி பாக்ஸில் சர்ஜ் அரெஸ்டர், மின்னழுத்தக் கட்-ஆஃப், மனித உயிரைக் காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. ஆகிய மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். நல்ல எர்த் இல்லாவிட்டால் சர்ஜ் அரெஸ்டரால் பயன் இல்லை. மொட்டைமாடியிலிருந்து கம்பி வழியாக இறங்கும் காமிரா இணைப்பும் மின்னல் எழுச்சியை வீட்டுக்குள் கொண்டுவரும் என்பதால், அந்தத் தரவுக் கம்பிக்கும் தனிப் பாதுகாப்பு தேவை. பாலிசி ஏற்காத இழப்பைத் தடுப்பதால், இந்த ஏற்பாட்டைப் பிரீமியத்துக்கும் முந்திய காப்பீட்டுச் செலவாகவே கொள்ள வேண்டும்.

இதற்கு மேலும் பாதுகாப்பு வேண்டுவோர், 'ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜ்' என்னும் தொகுப்புப் பாலிசியில், வீட்டுச் சாதனங்களின் பழுதுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் உரிய பிரிவுகளைத் தேர்ந்தெடுக்கலாம். அப்பிரிவுகளில் கருவியின் வயதுக்கேற்ப மதிப்பைக் குறைத்துத் தருவதும், வயது மிகுந்த கருவியை ஏற்காமையும் உண்டு என்பதால், மூவாயிரம் ரூபாய்ச் சுவிட்சுக்காக அதை எடுப்பதில் பயன் குறைவு. விலைமிக்க கட்டுப்பாட்டு மையம், பெரிய திரை, ஒலியமைப்பு ஆகியவை உள்ள வீட்டுக்கே அது பொருந்தும்.

5. திருட்டும் ஸ்மார்ட் பூட்டும்

பாரத் கிருஹ ரக்ஷா சாதாரணத் திருட்டை ஏற்பதில்லை. புயல், தீ போன்ற விபத்து நேர்ந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டை மட்டுமே ஏற்கிறது. ஆகவே களவுக் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும். களவுப் பாலிசிகள் பொதுவாகக் கதவையோ சன்னலையோ வலிந்து உடைத்து உட்புகுந்ததற்கான அடையாளத்தை எதிர்பார்க்கின்றன. ரகசிய எண்ணைத் தெரிந்துகொண்ட ஒருவர் ஸ்மார்ட் பூட்டை ஓசையின்றித் திறந்து நுழைந்தால், உடைப்பின் தடயமே இராது; இழப்பீடு தகராறில் முடியும் வாய்ப்பு அதிகம். வீட்டுப் பணியாளர் சம்பந்தப்பட்ட திருட்டையும் பல பாலிசிகள் விலக்குகின்றன. மின்னணு முறையில் திறக்கப்பட்ட பூட்டின் வழியாக நிகழும் திருட்டு ஏற்கப்படுமா, வீடு தொடர்ந்து எத்தனை நாள் பூட்டியிருந்தால் பாதுகாப்பு நின்றுபோகும் என்ற இரு வினாக்களையும் பாலிசி எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். பணியாளருக்கும் உறவினருக்கும் தனித்தனி எண் கொடுத்து, வேலை முடிந்ததும் அதை நீக்குவதும், யார் எப்போது திறந்தார் என்ற பதிவைச் சேமிப்பதும், காவல்துறைப் புகாருக்கும் இழப்பீட்டுக் கோரிக்கைக்கும் வலுவூட்டும்.

6. இணையவழி இழப்பு

கருவியின் கணக்குக்குள் பிறர் நுழைந்து காமிராக் காட்சிகளைக் கைப்பற்றிப் பணம் கேட்டு மிரட்டுவது, அதே கடவுச்சொல்லால் வங்கிக் கணக்கை எட்டுவது போன்ற இழப்புகளுக்கு வீட்டுக் காப்பீட்டில் இடமில்லை. தனிநபர் சைபர் காப்பீடே அதற்குரியது. ஒவ்வொரு கருவிக்கும் வேறு கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு, கருவிகளுக்கெனத் தனி வைஃபை ஆகியவை செலவில்லாத பாதுகாப்பு. இவற்றைச் செய்யாமை அலட்சியமாகக் கருதப்பட்டால் சைபர் பாலிசியின் இழப்பீடும் சிக்கலாகலாம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

7. ஆவணமும் இழப்பீட்டுக் கோரிக்கையும்

நீட்டிக்கப்பட்ட வாரன்டி, கருவியின் உள்ளார்ந்த குறையைச் சரிசெய்யும் ஒப்பந்தம். காப்பீடு, வெளியிலிருந்து வரும் விபத்தை ஈடுசெய்யும் ஒப்பந்தம். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. இரண்டுக்கும் தேவையான ஆவணம் மட்டும் ஒன்றே: அறைவாரியாகக் கருவியின் பெயர், மாடல், வரிசை எண், வாங்கிய நாள், விலை ஆகியவற்றைக் கொண்ட பட்டியல், பில்லின் படம், கருவி சுவரில் இருக்கும் நிலையில் எடுத்த படம். இதை வீட்டிலுள்ள கணினியில் மட்டும் வைத்திருப்பது போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததைப் போன்ற நிலையில், கருவியும் அதன் ஆதாரமும் ஒன்றாக நனைந்துபோகும். ஆகவே ஒரு நகலை இணையச் சேமிப்பிலும் மற்றொன்றை வெளியூர் உறவினரிடமும் வைக்க வேண்டும். தாழ்வான பகுதியில் இருப்போர் காமிராப் பதிவுப் பெட்டியையும் இன்வெர்ட்டரையும் தரைத்தளத்திலிருந்து உயர்த்தி வைப்பதும் இதே முன்னெச்சரிக்கையைச் சேர்ந்தது.

இழப்பு நேர்ந்தவுடன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தந்து, திருட்டாயின் காவல் நிலையத்திலும் தீயாயின் தீயணைப்புத் துறையிலும் பதிவு செய்து, சேதமான கருவிகளை மதிப்பீட்டாளர் பார்வையிடும் வரை அப்புறப்படுத்தாமல் வைத்திருக்க வேண்டும். நிறுவனம் மறுத்தாலோ, புகாருக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, தமிழ்நாட்டினர் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. கருவியின் குறைபாட்டுக்கும் வாரன்டி மறுப்புக்கும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மாவட்ட ஆணையமும் உள்ளன.

8. செய்ய வேண்டிய வரிசை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு வரிசை பெறப்படுகிறது. முதலில் எர்த்தையும் டிபி பாக்ஸையும் சரிசெய்ய வேண்டும். அடுத்து, இணையமின்றியும் இயங்கும் கருவிகளைப் பில்லுடன் வாங்கிப் பட்டியலிட வேண்டும். பிறகு அந்தப் பட்டியலின் மொத்தத்தைக் கொண்டு வீட்டுப் பொருள்களுக்கான காப்பீட்டுத் தொகையை உயர்த்திக் களவுப் பாதுகாப்பையும் சேர்க்க வேண்டும். பிரீமியம் நிறுவனத்தைச் சென்றடைந்த பிறகே பாதுகாப்பு தொடங்கும் என்பதால், பருவமழைக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. ஆண்டுதோறும் பாலிசியைப் புதுப்பிக்கும்போது அந்த ஆண்டில் வாங்கியவற்றைச் சேர்த்து, கழித்தவற்றை நீக்கிப் பட்டியலைத் திருத்தி, பயனற்ற சந்தாக்களை நிறுத்தினால், குடும்பம் தன் வசதிக்காகச் செய்யும் செலவு பிற்காலத்தில் சுமையாக மாறாது.